67 தாண்டினால் கனடா கிடைத்துவிடுமா? புள்ளிக் கணக்கு பற்றிய இழை

வெள்ளவத்தை வாசகர், 2025 ஒக்டோபர் 8
வயது 33. ஸ்ரீ ஜயவர்தனபுரவில் 4 வருட பீ.கொம் விசேட பட்டம், 7 வருடம் கணக்காளர் வேலை. மனைவி பட்டதாரி, ஒரு பிள்ளை. ஐஈஎல்டிஎஸ் ஜெனரல் பெறுபேறு: லிசனிங் 7.5, ரீடிங் 7, ரைட்டிங் 6.5, ஸ்பீக்கிங் 7. மாமா ஸ்காபரோவில் இருக்கிறார். காலி வீதியில் ஒரு முகவர் கணக்குப் பார்த்து, "75 வருது, 67 காணும், 75 வீதம் சான்ஸ் இருக்கு" என்கிறார். முற்பணம் மூன்றரை இலட்சம் கேட்கிறார். கட்டலாமா?

கணக்குப் பார்ப்பவர், 2025 ஒக்டோபர் 8
இப்போதைக்குக் கட்டாதீர்கள் தம்பி. 75 என்பது சரியான கூட்டல்தான்: வயதுக்கு 12, பட்டத்துக்கு 21, ஆங்கிலத்துக்கு 22, ஆறு வருடத்துக்கு மேற்பட்ட அனுபவத்துக்கு 15, மாமாவுக்கு 5. ஆனால் அது 100க்கு எடுக்கும் கணக்கு, 67 அதன் சித்திப்புள்ளி. எக்ஸ்பிரஸ் என்ட்ரி பூலுக்குள், அதாவது கனடா ஆள் தெரிந்தெடுக்கும் காத்திருப்புப் பட்டியலுக்குள் பெயர் போட உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்பதை மட்டும்தான் அது சொல்லும். 75 வீதம் வாய்ப்பு என்பதற்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தி என்றால் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் உள்ளே எடுப்பது இசட் புள்ளியின் வெட்டுப்புள்ளி. இங்கேயும் அதே முறைதான். பூலுக்குள் போனபின் சீஆர்எஸ் என்று 1,200க்கு வேறொரு கணக்கு ஓடுகிறது. அழைப்பு வருவது அதில்தான்.

உங்கள் சீஆர்எஸ், மனைவியோடு சேர்ந்து போவதாக வைத்தால்: வயது 33க்கு 80. பட்டம் 112. ஆங்கிலத்தில் லிசனிங்கும் ரைட்டிங்கும் சீஎல்பி (கனடாவின் மொழி மட்டம்) 8, மற்ற இரண்டும் 9, ஆக 22+29+22+29 = 102. மனைவியின் பட்டத்துக்கு 8. பட்டமும் ஆங்கிலமும் சேர்ந்து 13, வெளிநாட்டு அனுபவமும் ஆங்கிலமும் சேர்ந்து 25. மொத்தம் 340.

கணக்காளர், மென்பொருள், தாதி என்று பிரிக்காமல் எல்லாருக்கும் பொதுவாக நடக்கும் அழைப்புச் சுற்று 2025ல் இதுவரை ஒன்றும் இல்லை. கனடாவுக்குள் வேலை செய்தவர்களுக்கான சுற்று ஒக்டோபர் 1 அன்று 534ல் நின்றது. 340க்கும் அதற்கும் உள்ள தூரத்தை முகவர் உங்களிடம் சொன்னாரா?

கணக்குப் பார்ப்பவர், 2025 ஒக்டோபர் 9
மேலே எழுதியதில் ஆங்கிலப் பகுதியைத் தனியாகப் பார்க்க வேண்டும். அதிகம் கூடக்கூடிய இடம் அதுதான்.

சீஎல்பி 9 என்றால் லிசனிங் 8, மற்ற மூன்றும் 7. நான்கும் ஒன்றாக 9க்கு வரவேண்டும். உங்களுக்குக் குறைவது லிசனிங்கில் அரை, ரைட்டிங்கில் அரை. இரண்டும் ஏறினால் மொழிப்புள்ளி 102ல் இருந்து 116. அதோடு சேர்க்கைப் புள்ளி இரட்டிப்பாகும்: 13 என்பது 25, 25 என்பது 50. மொத்தம் 340ல் இருந்து 391. இரண்டு அரை பாண்டுக்கு 51 புள்ளி. இதே 51ஐ வேறு வழியில் தேடினால் வருடக்கணக்காகும்.

லிசனிங் 8க்கு 40ல் 35 அளவில் சரியாக வேண்டும். எழுத்துப்பிழையும், ஒருமை பன்மை மாறுவதும் மூன்று நான்கு விடைகளைக் கொண்டுபோய்விடும், அந்த இடைவெளியே 7.5க்கும் 8க்கும் போதும். ரைட்டிங்கில் இரண்டாவது பகுதிக்கு முதலாவதைவிட இரண்டு மடங்கு எடை. கடிதத்தை மெருகேற்றிக்கொண்டிருந்து கட்டுரையை 250 சொல்லுக்குக் குறைவாக முடிப்பவர்கள்தான் 6.5ல் நிற்கிறார்கள். ரைட்டிங் மட்டும் அரை குறைந்தவர்கள் மறுதிருத்தம் கேட்கலாம், பரீட்சைத் திகதியில் இருந்து ஆறு கிழமைக்குள். மாறினால் கட்டணம் திரும்பும். உங்களுக்கு லிசனிங்கும் குறைவதால் திரும்ப எழுதுவதே நல்லது. ஒரு பகுதியை மட்டும் திரும்ப எழுதும் வசதி இருக்கிறது என்று வகுப்புகளில் விளம்பரம் செய்கிறார்கள். கனேடிய குடிவரவுத் திணைக்களம் அந்தப் பெறுபேற்றை ஏற்பதில்லை. நான்கையும் எழுத வேண்டும், அக்கடமிக் அல்ல, ஜெனரல்.

பெறுபேறு இரண்டு வருடம் செல்லும். பூலில் போடும் நாளில் மட்டுமல்ல, நிரந்தர வதிவிட விண்ணப்பத்தை அனுப்பும் நாளிலும் அது உயிரோடு இருக்க வேண்டும்.

தெஹிவளை பொறியியலாளர், 2025 ஒக்டோபர் 9
மாமாவுக்கு 5 என்று போட்டிருக்கிறீர்கள். சீஆர்எஸ்ஸில் ஏன் சேர்க்கவில்லை?

கணக்குப் பார்ப்பவர், 2025 ஒக்டோபர் 9
சீஆர்எஸ்ஸில் மாமாவுக்கு இடமில்லை. 67 கணக்கில் பெற்றோர், பேரன் பேத்தி, மாமன், சித்தி, கூடப்பிறந்தவரின் பிள்ளை வரை யார் இருந்தாலும் ஒரே ஒரு 5. சீஆர்எஸ்ஸில் கூடப்பிறந்த அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சி மட்டும், அதற்கு 15. அவர் 18 வயதைத் தாண்டியவராக, பிரஜையாக அல்லது நிரந்தர வதிவாளராக, கனடாவுக்குள் வசிப்பவராக இருக்க வேண்டும். மனைவியின் கூடப்பிறந்தவர் என்றாலும் சரி. ஒன்றுவிட்ட சகோதரம் இரண்டு கணக்கிலும் சேராது. ஸ்காபரோவில் பாதிக் குடும்பம் இருக்கிறது என்பதை நம்பி விண்ணப்பிப்பவர்கள் எங்கள் ஆட்களில் அதிகம், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வேலைக் கடிதம் விற்பவர்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கனேடிய வேலை வாய்ப்புக் கடிதத்துக்கு இருந்த 50, 200 புள்ளிகள் 2025 மார்ச் 25 அன்று நீக்கப்பட்டுவிட்டன. "ஜொப் லெட்டர் எடுத்துத் தாறன், 50 கூடும்" என்று இன்றைக்கும் காசு கேட்பவர் பழைய பட்டியலைக் காட்டுகிறார். போலிக் கடிதம் பிடிபட்டால் ஐந்து வருடத் தடை.

கொட்டாஞ்சேனை தாதி, 2025 ஒக்டோபர் 16
நேற்று சுகாதாரத் துறைக்கு 2,500 பேரை 472ல் அழைத்திருக்கிறார்கள். எனக்கு 29, தனியாள், அரச தாதியர் கல்லூரி டிப்ளோமா, 5 வருட அனுபவம். இன்னும் ஐஈஎல்டிஎஸ் எழுதவில்லை.

கணக்குப் பார்ப்பவர், 2025 ஒக்டோபர் 16
தங்கச்சி, உங்களுக்குப் பரீட்சைக்கு முன்னமே பார்க்க வேண்டியது கல்விச் சமான அறிக்கை, அதாவது ஈசீஏ. மூன்று வருட டிப்ளோமாவை கனடாவின் மூன்று வருடக் கற்கைக்குச் சமன் என்று அறிக்கை சொன்னால் 120. இரண்டு வருடம் என்று சொன்னால் 98. அறிக்கையில் எழுதியிருப்பதுதான் கணக்கு, எங்கள் சான்றிதழில் எழுதியிருப்பது அல்ல.

120 என்று வைத்து, நான்கிலும் சீஎல்பி 9 எடுத்தால்: 110+120+124+25+50 = 429. 472க்கு 43 குறைகிறது. சீஎல்பி 10 (லிசனிங் 8.5, ரீடிங் 8, மற்றவை 7.5) என்றால் 441. டிப்ளோமாவுக்குப் பிறகு தனியாக ஒரு வருடக் கற்கையோ பட்டமோ முடித்து, அறிக்கை அதையும் தனித் தகைமையாகச் சொன்னால் 8ம் 25ம் கூடி 474. வெட்டுப்புள்ளியை இரண்டால் தாண்டுகிறது. அடுத்த வருடம் 30 ஆகும்போது 5 குறையும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். மூன்று வருடத்துக்கு மேற்பட்ட அனுபவத்துக்குச் சீஆர்எஸ் ஒரு புள்ளியும் கூட்டித் தருவதில்லை. இன்னும் இரண்டு வருடம் வார்டில் நின்றால் அனுபவப் பக்கம் ஒன்றும் ஏறாது, வயது மட்டும் இறங்கும்.

நிரந்தர வதிவிடத்துக்குத் தாதியர் பதிவு கட்டாயமில்லை. அங்கே தாதியாக வேலை செய்ய அந்தந்த மாகாணச் சபையின் பதிவு வேண்டும். இரண்டும் இரண்டு பாதை.

வெள்ளவத்தை வாசகர், 2025 ஒக்டோபர் 18
அண்ணை, ஒரு விசயம் சொல்லாமல் விட்டிட்டன். மனைவிக்கு 30 வயது. சர்வதேசப் பாடசாலை ஒன்றில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை, 5 வருடம். பட்டத்துக்குப் பிறகு கல்வியியல் பட்டப்பின் டிப்ளோமாவும் முடித்திருக்கிறா. இது ஏதும் உதவுமா?

கணக்குப் பார்ப்பவர், 2025 ஒக்டோபர் 18
இதுதான் உங்கள் வழக்கின் மையம். முகவர் மனைவியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் 75 என்று சொல்லியிருக்கிறார்.

2025 பெப்ரவரி 27 அன்று எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் கல்வித் துறை புதிய பிரிவாகச் சேர்ந்தது. ஆரம்பப் பாடசாலை ஆசிரியர் அதில் இருக்கிறார். மே 1ல் 1,000 பேர், வெட்டுப்புள்ளி 479. செப்டெம்பர் 17ல் 2,500 பேர், 462. 2025 விதிப்படி பிரிவுக்குள் வர, கடந்த மூன்று வருடத்தில் ஆறு மாதம் தொடர்ச்சியாக அந்த வேலை செய்திருக்க வேண்டும். கணக்காளர் எந்தப் பிரிவிலும் இல்லை. மென்பொருள் பொறியியலாளர்களையும் அதே அறிவிப்பில் தொழில்நுட்பப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார்கள்.

மனைவியைப் பிரதான விண்ணப்பதாரியாக வைத்துக் கணக்குப் பாருங்கள். வயது 30க்கு 95. இரண்டு தகைமை, ஒன்று மூன்று வருடத்துக்கு மேல், 119. நான்கிலும் சீஎல்பி 9 எடுத்தால் 116. உங்கள் பட்டத்துக்கு 8, உங்கள் கையில் இருக்கும் பெறுபேற்றுக்கு 3+5+3+5 = 16. சேர்க்கைப் புள்ளி 50+50 = 100. மொத்தம் 454. நீங்களும் நான்கிலும் 9 எடுத்தால் 458. மனைவி சீஎல்பி 10 எடுத்தால் 12 கூடி 470.

அதே வீடு, அதே சான்றிதழ்கள். உங்களை முன்னே வைத்தால் 340, மனைவியை முன்னே வைத்தால் 470 வரை. பட்டப்பின் டிப்ளோமாவை ஈசீஏ தனித் தகைமையாகக் காட்டாவிட்டால் இதில் 32 விழும். ஆகவே முதல் செலவு முகவருக்கு அல்ல, மனைவியின் ஈசீஏக்கு. அவவின் 31வது பிறந்தநாளைக் கலண்டரில் குறித்து வையுங்கள், அன்றைக்கு 5 குறையும்.

தெஹிவளை பொறியியலாளர், 2025 ஒக்டோபர் 19
ஈசீஏக்குப் பல்கலைக்கழகப் பரீட்சைக் கிளையில் இருந்து பெறுபேற்று அறிக்கையை முத்திரையிட்ட உறையில் நேரே அனுப்ப வேண்டும் என்று கேட்டார்கள். நீங்களே கையில் எடுத்து ஸ்கேன் பண்ணிப் போட்டால் கோப்பு நகராது. பட்டமும் டிப்ளோமாவும் இரண்டு நிறுவனம் என்றால் இரண்டு இடத்திலும் தனித்தனியாகக் கட்டணம் கட்டி விண்ணப்பியுங்கள், ஒன்று தாமதித்தால் மற்றதும் காத்திருக்கும்.

கணக்குப் பார்ப்பவர், 2025 ஒக்டோபர் 19
நல்ல சேர்க்கை. பெயரையும் பாருங்கள். எங்கள் சான்றிதழ்களில் தகப்பன் பெயர் முதலெழுத்தாக நிற்கும், கடவுச்சீட்டில் விரிந்து குடும்பப் பெயர் இடத்தில் இருக்கும், மனைவிக்குக் கலியாணத்துக்குப் பின் கணவன் பெயரும் ஒட்டியிருக்கும். மூன்றும் ஒரே ஆள் என்று சத்தியக்கடதாசி ஒன்று முதலே எடுத்து வையுங்கள். ஐஈஎல்டிஎஸ் பதிவில் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து போட வேண்டும். தமிழ், சிங்களப் பிறப்புச் சான்றிதழுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு.

கணக்குப் பார்ப்பவர், 2025 ஒக்டோபர் 22
பிரெஞ்சு பற்றித் தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கு. நான்கு பகுதியிலும் என்சீஎல்சி (பிரெஞ்சுக்கான மொழி மட்டம்) 7 வந்தால், ஆங்கிலம் சீஎல்பி 5 அல்லது அதற்கு மேல் இருப்பவருக்கு 50, இரண்டாம் மொழிக்காக இன்னும் 12. அதைவிடப் பெரிய நன்மை தனிச் சுற்று. மார்ச் 21ல் 7,500 பேரை 379ல் அழைத்தார்கள். ஓகஸ்ட் 8ல் அது 481க்கு ஏறி, ஒக்டோபர் 6ல் 432க்கு இறங்கியது. எண்ணிக்கை கூடிய நாளில் வெட்டுப்புள்ளி விழுகிறது, அவ்வளவுதான். கணக்காளர் தம்பி மட்டும் சீஎல்பி 9ம் பிரெஞ்சு 7ம் எடுத்தால் 391+62 = 453.

ஆனால் பூச்சியத்தில் இருந்து அந்த மட்டத்துக்கு வருவது வேலையோடு ஒன்றரை, இரண்டு வருடப் பாடு. டெல்ஃப் சான்றிதழ் இதற்குச் செல்லாது. டெஃப் கனடா அல்லது டீசீஎஃப் கனடா எழுத வேண்டும். நான்கில் ஒன்று 6ல் நின்றாலும் 50ம் இல்லை, தனிச் சுற்றும் இல்லை. 35 வயதைத் தாண்டியவர்களுக்கு இதை நான் கட்டாயம் யோசிக்கச் சொல்வேன், ஏனென்றால் வயதில் இழப்பதைத் திரும்ப எடுக்க வேறு வழி குறைவு.

தெஹிவளை பொறியியலாளர், 2025 ஒக்டோபர் 25
அவுஸ்திரேலியாவை ஒருவரும் கதைக்கவில்லை. அங்கே 65 புள்ளிதானே?

கணக்குப் பார்ப்பவர், 2025 ஒக்டோபர் 26
65 அங்கத்தைய 67. கதவு மட்டும். கணக்காளருக்கு 189 விசாவுக்கு அதைவிட வெகு மேலே கேட்கிறார்கள்.

பொறியியலாளருக்கு நிலைமை வேறு. இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014ல் இருந்து பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வொஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பு. அங்கீகாரம் பெற்ற பட்டம் என்றால் அந்த வழியாகத் தகைமை மதிப்பீடு எடுக்கலாம், தலா 1,000 முதல் 2,500 சொல் வரை மூன்று அனுபவக் கட்டுரை எழுதத் தேவையில்லை. உங்கள் பட்டம் வழங்கப்பட்ட வருடம் அங்கீகாரக் காலத்துக்குள் விழுகிறதா என்று பாருங்கள்.

புள்ளியில் வயது 25 முதல் 32 வரை 30, 33 ஆனதும் 25, 40ல் 15, 45ல் கதவு மூடும். ஐஈஎல்டிஎஸ் நான்கும் 7 என்றால் 10, நான்கும் 8 என்றால் 20. ஐஈஎல்டிஎஸ்ஸுக்குப் பதில் பீடீஈ ஆங்கிலப் பரீட்சை எழுதுபவர்கள் கவனம்: எல்லாவற்றிலும் 79 என்பது பழைய கதை. 2025 ஓகஸ்ட் 7க்குப் பின் எழுதினால் அந்த 20க்கு லிசனிங் 69, ரீடிங் 70, ரைட்டிங் 85, ஸ்பீக்கிங் 88. தனியாளுக்கு 10, ஆங்கிலம் மட்டும் உள்ள துணைக்கு 5. மாநில நியமனம் 190 விசாவுக்கு 5, பிராந்திய 491 விசாவுக்கு 15.

எங்கள் ஆட்கள் விட்டுவிடும் 5 ஒன்று இருக்கிறது: நாட்டி சீசீஎல் என்ற வாய்மொழி மொழிபெயர்ப்புப் பரீட்சை. தமிழிலும் இருக்கிறது. இரண்டு உரையாடல், ஒவ்வொன்றும் 300 சொல் அளவு, இரு பக்கமும் வாயால் மொழிபெயர்க்க வேண்டும். 90க்கு 63, ஒவ்வொன்றிலும் 45க்கு 29 குறைந்தது. தமிழ் தெரியும் என்று பயிற்சி இல்லாமல் போனால் விழும். பிணைப்பணம், கழிவு, காப்புறுதி, மேன்முறையீடு போன்ற சொற்கள் உடனே வாயில் வரவேண்டும். இடையில் ஒரு தொகையோ திகதியோ விடுபட்டாலும் மார்க் வெட்டுப்படும். குறிப்பெடுத்துப் பழகுங்கள்.

வெள்ளவத்தை வாசகர், 2025 நவம்பர் 2
மனைவியின் ஈசீஏக்குப் போட்டாச்சு. காசு எவ்வளவு காட்ட வேண்டும்? சீட்டுக்காசு, நகை, யாழ்ப்பாணத்துக் காணி எல்லாம் சேர்க்கலாமா?

கணக்குப் பார்ப்பவர், 2025 நவம்பர் 2
மூன்று பேருக்கு 23,360 கனேடிய டொலர். இன்றைய மதிப்பில் ஐம்பது இலட்சத்தைத் தொடும். ஒருவருக்கு 15,263, நால்வருக்கு 28,362. இந்தத் தொகை வருடா வருடம் மாறும். பிள்ளையை இங்கே விட்டுப் போனாலும் தலை எண்ணிக்கை மூன்றுதான்.

காணியும் வீடும் சேராது. நகை சேராது. அடகு வைத்து எடுத்த காசு கடன், அதுவும் சேராது. வங்கிச் சேமிப்பு, உடைக்கக்கூடிய நிலையான வைப்பு, இவைதான் பாதுகாப்பு. வைப்பின் மேல் கடன் எடுத்திருந்தால் அது கட்டுண்ட காசு. சீட்டுக்காசு உங்களுடையதுதான், ஆனால் கணக்கில் ஒரே நாளில் பத்து இலட்சம் விழுந்தால் எங்கிருந்து என்று கேட்பார்கள். எடுத்த சீட்டின் கொப்பி, மாதாமாதம் கட்டிய பதிவு, நடத்தியவரின் கடிதம் இருக்கட்டும். பெற்றோர் தரும் காசுக்கு, திருப்பித் தரத்தேவையில்லை என்ற நன்கொடைக் கடிதமும் அவர்களுடைய கணக்கில் இருந்து வெளியேறிய பதிவும்.

வங்கிக் கடிதத்தில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். எங்கள் வங்கிகள் வழக்கமாகத் தரும் கடிதம் அன்றைய மீதியை மட்டும் சொல்லும். உங்களுக்கு வேண்டியது: கணக்கு இலக்கம், திறந்த திகதி, இன்றைய மீதி, கடந்த ஆறு மாதச் சராசரி மீதி, கடனட்டை, கடன் நிலுவை, வங்கியின் முகவரியும் தொடர்பும். கவுண்டரில் கேட்டால் அச்சடித்த படிவத்தைத் தருவார்கள். முகாமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். ஆறு மாதச் சராசரி என்பதால் காசை இன்றே கணக்கில் வைத்துத் தொடாமல் விடுங்கள்.

கணக்குப் பார்ப்பவர், 2025 நவம்பர் 6
இரண்டு நாளைக்கு முன் கனடா வெளியிட்ட புதிய குடிவரவுத் திட்டத்தில் 2026க்கு மொத்தம் 380,000 பேர், அதில் மாகாணங்கள் தாங்களே ஆளைத் தெரிந்தெடுக்கும் மாகாண நியமனத்துக்கு 91,500. 2025ல் மாகாணங்களுக்கு 55,000தான். மாகாண நியமனம் கிடைத்தால் 600 புள்ளி, மற்ற எல்லாக் கணக்கும் அதோடு முடிந்தது. பூலில் பெயர் இருந்தால்தான் மாகாணம் பார்க்கும், ஆகவே பெறுபேறு வந்த அன்றே போடுங்கள். சம புள்ளி வந்தால் முதலில் போட்டவருக்கே அழைப்பு.

வெள்ளவத்தை வாசகர், 2025 நவம்பர் 9
அழைப்பு வந்தபின் 60 நாள் காணுமா?

கணக்குப் பார்ப்பவர், 2025 நவம்பர் 9
முன்னாயத்தம் இருந்தால் காணும். இல்லாவிட்டால் சேவைக் கடிதத்திலேயே 60 நாளும் போய்விடும். மனைவியின் பாடசாலை தரும் கடிதம் "இவர் 2020ல் இருந்து ஆசிரியை, நன்னடத்தை" என்று இரண்டு வரியில் முடிந்தால் பயனில்லை. பதவி, கடமைகள், கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், வருடச் சம்பளம், திகதிகள், கையொப்பமிட்டவரின் பதவி, எல்லாம் தலைப்புத் தாளில் வேண்டும். கடமைகளைக் கனேடியத் தொழில் வகைப்பாட்டில் இருந்து அப்படியே பிரதி எடுத்தால் அதிகாரிக்குத் தெரியும். அவ உண்மையில் செய்வதை எழுதச் சொல்லுங்கள். ஈபீஎஃப் கூற்றுக் கூடவே வைத்தால் கடிதத்துக்குப் பலம்.

மருத்துவப் பரிசோதனையை 2025 ஓகஸ்ட் 21ல் இருந்து விண்ணப்பத்தோடேயே கொடுக்க வேண்டும், பிறகு செய்வதில்லை. பட்டியலில் உள்ள வைத்தியரிடம் மட்டும். பொலிஸ் சான்றிதழ் இலங்கைக்கு மட்டுமல்ல, பத்து வருடத்துக்குள் ஆறு மாதம் தொடர்ந்து இருந்த ஒவ்வொரு நாட்டுக்கும். வளைகுடாவில் வேலை செய்தவர்கள் அழைப்புக்காகக் காத்திராமல் அதை இப்போதே தொடங்க வேண்டும், இங்கிருந்து எடுப்பது மெதுவாகத்தான் நடக்கும். 2025ல் கட்டணம் பெரியவர் ஒருவருக்கு 1,525 டொலர், விரல் அடையாளத்துக்கு 85 தனி.

முகவர் வேண்டும் என்றால் குடிவரவு ஆலோசகர்களுக்கு உரிமம் கொடுக்கும் கனேடியக் கல்லூரியின் (சீஐசீசீ) பதிவில் பெயர் இருக்கிறதா என்று நீங்களே தேடுங்கள். சுவரில் தொங்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியக உரிமம் தொழிலுக்கு ஆள் அனுப்புவதற்கானது, நிரந்தர வதிவிட விண்ணப்பத்தில் உங்களைப் பிரதிநிதித்துவப்படுத்த அது அதிகாரம் தராது. கடவுச்சொல்லை அவரிடம் மட்டும் விட்டு வைக்காதீர்கள், உங்கள் மின்னஞ்சலில் கணக்கைத் திறவுங்கள்.

வெள்ளவத்தை வாசகர், 2025 நவம்பர் 10
மனைவி டிசம்பர் மாதத்துக்கு ஐஈஎல்டிஎஸ் பதிந்துவிட்டா. நானும் திரும்ப எழுதுகிறேன்.

கணக்குப் பார்ப்பவர், 2025 நவம்பர் 10
உங்கள் பெறுபேற்றில் வருவது 4 புள்ளி, அவவின் பெறுபேற்றில் 12. வீட்டில் படிக்கிற நேரத்தை அந்தக் கணக்குப்படி பிரியுங்கள், பிள்ளையை நீங்கள் பாருங்கள்.